கதவா, நிலையா?

எங்கள் வீட்டுத் தெருக்கதவு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் காலம் சரியாகச் சாத்தப்படாமலே இருந்தது. இதெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய விஷயமா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாளில் தீர்ந்துபோகிற காரியம் என்று நினைத்தேன். ஆசாரி வந்தார், அரை நாளில் வேலை முடிந்தது, கூலியை வாங்கிக்கொண்டு போனார். காரியம் மட்டும் தீரவில்லை.

செஞ்சியில் எங்கள் பாட்டனார் காலத்து ஓட்டு வீட்டின் முன்பகுதியைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். திண்ணையில் உட்கார்ந்தால் ராஜகிரி தெரியும். திண்ணை வேண்டாம், கார் நிறுத்த இடம் விடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. வாசலுக்குத் தேக்கில் நிலை, தேக்கிலேயே ஒற்றைக் கதவு. நிலையை நல்ல நாள் பார்த்து வைத்தோம். கதவு மூன்று மாதம் கழித்து வேறொரு பட்டறையிலிருந்து வந்தது. மாட்டிய அன்றைக்கே அதன் மேல் மூலை நிலையில் இடித்தது. கீழே, பூட்டுப் பக்கத்து மூலை தரையை உரசியது. அதோடு இன்னொரு விசித்திரம்: தாழ்ப்பாளை எடுத்தால் போதும், வெளியிலிருந்து யாரோ மெல்லத் தள்ளுவது போலக் கதவு தானாகவே உள்பக்கம் திறந்துகொள்ளும். இதற்குத் தெருவில் பலர் பலவிதமாக விளக்கம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டியதில் எனக்கு ஒன்றும் பெரிய செலவாகிவிடவில்லை.

முதலில் வந்த ஆசாரி கதவைக் கழற்றிப் பலகைமேல் சாய்த்து, இடிக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, இழைப்புளியை எடுத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. குழந்தைகள் அதைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொண்டு விளையாடின. புதுத் தேக்கின் வாசனை கூடம் முழுதும் நிறைந்தது. மாட்டிப் பார்த்தோம், கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை; குறுக்குவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் கதவும் ஊதியது. தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. மறுபடியும் இழைத்தார்கள், இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை. சித்திரையில் அக்கினி நட்சத்திரம் வந்தபோது கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுந்திருந்தது. இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் அந்தச் சந்து வழியாக ஒரு மஞ்சள் கோடாகக் கூடத்தில் படுத்திருக்கும். தாழ்ப்பாளின் நுனி அதற்குரிய துளையை எட்டவே இல்லை. உள்ளே ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினோம். எனக்குத் தெரிந்தவரை அந்த நாற்காலியில் அந்த வருஷம் யாரும் உட்காரவில்லை.

மூன்றாவது முறை இழைப்பதற்காக வந்தவர் வயதானவர். மேல்மலையனூர்ப் பக்கம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார். கதவை ஒருமுறை சாத்தினார், திறந்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது மெல்ல நகர்ந்து உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தது. அவர் பையிலிருந்து எடுத்தது இழைப்புளி அல்ல, தூக்குக்குண்டு.

நூலைக் கீல் பக்கத்து நிலைக்காலின் தலையில் பிடித்து, குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டிப் பார்த்தார்.

"கதவு மேல குத்தம் இல்லீங்க சார்" என்றார். "நிலை சாஞ்சிருக்குது. தலைமாட்டுல அரை அங்குலம் பூட்டுப் பக்கம் வந்திருக்குது. கொஞ்சம் உள்ளாறயும் சாஞ்சிருக்குது. அதான் தானா தொறந்துக்குது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"அப்படியானால் மேலே இன்னும் கொஞ்சம் இழைத்துவிட்டால்?"

அவர் கதவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "இன்னும் எவ்ளோ எளைப்பீங்க? பூட்டு ஒக்கார்ற எடம் வரைக்கும் வந்தாச்சு. இதுக்கு மேல எளைச்சா பூட்டு வெக்க மரம் இருக்காது."

அவர் சொன்னது மரத்தைப் பற்றி. ஆனால் உள்ளே, சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு ஆண்டுகள். அந்த மாதந்தான் ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். பெரிய கொடுமை எதுவும் நடந்துவிடவில்லை; அதுதான் இதில் உள்ள கஷ்டம். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றால் ஊர் புரிந்துகொள்ளும். அவளுக்கு நடந்தது வேறு. பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மாமியாருக்கு முடியவில்லை, கொஞ்ச நாள் நின்றுகொள் என்றார்கள். நின்றாள். அம்மா வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வரலானாள். சத்தமாகச் சிரிக்கிறாள் என்று ஒருநாள் சொன்னார்கள், சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் ஒரு சுருள் சீவல்தான். எந்தச் சுருளையும் கையில் எடுத்துக்காட்டி, இதோ பாருங்கள் அநியாயம் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு தடவையும் அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான், "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்றேன். நான் கதை எழுதுகிறவன். மனித மனத்தை அறிந்தவன் என்று என்னைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். என் நாவல் ஒன்றில் ஒரு மருமகள் பொறுமையாலேயே ஒரு குடும்பத்தைத் திருத்திவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த முடிவைப் பாராட்டி எத்தனையோ வாசகியர் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைக் கட்டி வைத்திருக்கிறேன். அந்த முடிவை நான் எழுதியது இழைப்புளியால்தான் என்பது கிழவர் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது.

பொருந்தாமல் போகிற இரண்டு பொருள்களில் எதைத் திருத்துகிறோம்? குற்றம் எதனிடம் இருக்கிறதோ அதையா? இல்லை, எதைக் கழற்றிப் பலகைமேல் சாய்க்க முடிகிறதோ அதைத்தான். நிலை சுவரோடு சுவராக நிற்கிறது. அதை அசைத்தால் பூச்சு உதிரும், இரண்டு நாள் வேலை கெடும், அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்பார்கள். கதவோ கீலில் தொங்குகிற பொருள். நான்கு திருகாணியைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஆகவே கதவு கோணல் என்று முடிவு செய்துகொள்கிறோம். தீர்ப்பு முதலில் பிறந்து, அதற்கேற்ற குற்றவாளி பிறகு அகப்படுகிறார்.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சமயத்திலும் நிலைதான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. என்னைப் போன்ற எழுத்தாளர்களுக்கு அப்படி எழுதுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். சரியாகக் காயாத பச்சை மரத்தில் செய்த கதவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு நேரான நிலையில் மாட்டினாலும் ஒரு மூலை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். கீல் தளர்ந்தாலும் கதவு தொங்கும். மேல் கீலுக்கு நீளமான திருகாணி போட்டு இறுக்கினாலே சில வீடுகளில் சண்டை தீர்ந்துவிடும். கீழ்க் கீலுக்கு அடியில் ஒரு தபால் அட்டையை நறுக்கி வைத்தால் இடிக்கிற மேல் மூலை கொஞ்சம் விலகிக் கொடுக்கும். இவையெல்லாம் கிழவர் எனக்குச் சொன்னவை. என் தங்கையையும் வைரம் பாய்ந்த மரம் என்று சொல்ல மாட்டேன். மழைக்குக் கொஞ்சம் ஊதுகிற ரகந்தான், கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆனால் இதையெல்லாம் தீர்மானிப்பதற்கு முன்னால் ஒரு நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா? அதை யாருமே செய்யவில்லை. அதற்கு ஆகிற நேரம் ஐந்து நிமிஷம்.

அன்று பிற்பகல் மனசு சரியில்லாமல் கோட்டைப் பக்கம் நடந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது செஞ்சியும் அந்த வரிசையில் இடம்பெற்றது. அதிலிருந்து வெளியூர்க் கூட்டம் அதிகம். எல்லோரும் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்க்கிறார்கள். மூச்சு இருப்பவர்கள் ராஜகிரி உச்சிவரை ஏறுகிறார்கள். நான் வாயில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை உயரத்துக்கு மதில் எழுப்பியவர்கள் ராட்சசக் கல்லில் நிலை நிறுத்தியிருக்கிறார்கள். நான் நின்ற வாயிலில் மரக்கதவு இல்லை. 1690-இல் தொடங்கி 1698 வரை எட்டு ஆண்டு மொகலாயர் படையை வெளியே நிறுத்திய கோட்டை இது. இதே கோட்டையை 1750-இல் ஓர் இரவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பேட்டையின் வாயிற்கதவை வெடிவைத்துப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தார்கள். அடி வாங்குவதற்கென்று ஏற்பட்டது கதவு. அது போய்விட்டது. நிலை இன்னும் நிற்கிறது. அதைத்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே நின்றபோது எங்கள் பாட்டனார் வீட்டுப் பழைய கதவு நினைவுக்கு வந்தது. அதற்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கி, நிலையின் தலைக்கட்டையிலும் கீழ்ப்படியிலும் குழி வெட்டி, அந்தக் குழிகளில் அது சுழலும். திறக்கும்போது யானை பிளிறுவது போலச் சத்தம். பாட்டி குழியில் விளக்கெண்ணெய் விடுவாள். அந்த மாதிரிக் கதவை நிலையைக் கூட்டும்போதே சேர்த்து நிறுத்தியாக வேண்டும். பிறகு தனியாகக் கொண்டுவந்து மாட்ட முடியாது. ஆகவே கொத்தனாரும் தச்சரும் ஒரே நாளில் ஒரே வாசலில் நின்றார்கள். கோணல் இருந்தால் இருவர் கண்ணிலும் படும். இப்போது நிலையை ஒருவர் வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கதவைச் செய்கிறவர் எங்கோ பட்டறையில் இருக்கிறார். அவர் நிலையைப் பார்த்ததே இல்லை. மாட்டுகிறவர் மூன்றாமவர். கோணல் வெளிப்படும்போது அங்கே நிற்பவர் அவர் ஒருவர்தான். அவர் கையில் இருப்பதும் இழைப்புளி ஒன்றுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய காலம் பொற்காலம் என்று சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் பழைய கதவுக்குள் என் அம்மா எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு இனிமேல் வருகிறேன்.

நிலையைப் பெயர்த்து வைத்துவிடலாம் என்று நான் சொன்னவுடன் அம்மா ஆசாரியாரைப் பார்த்து, "வச்ச நிலையை எடுக்கறதா? நவதானியம் போட்டு, பொன்னு வச்சு, மாவிலை கட்டி வச்ச நிலை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியும், பேச்சு நிலையைப் பற்றி மட்டும் இல்லையென்று.

"ஏண்டா, உங்க பாட்டி வீட்டு நிலை மட்டும் நேரா இருந்துதுன்னு நெனச்சியா? நான் எளைஞ்சுதான் நாப்பது வருஷம் தொறந்து சாத்தினேன். வீடு விழுந்துடுச்சா? நீங்கல்லாம் வளரலையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் இழைந்ததன் பலனை அனுபவித்தவன் நான். அந்த வீட்டில் எனக்குச் சூடாகச் சோறு கிடைத்தது, புத்தகம் படிக்க விளக்கு கிடைத்தது. அவள் பாடுவாள் என்று என் பெரியம்மா ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்; நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நாற்பது வருஷமும் வீண், அநியாயம் என்று நான் சொன்னால் அவளிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கியவன் ஆவேன். நியாயம் என்று சொன்னால் உள்ளே இருப்பவளுக்குத் துரோகம். நான் பேசாமல் நின்றேன்.

ஆனால் நேரான நிலையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. வியன்னாவில் விட்கென்ஸ்டைன் என்ற தத்துவஞானி 1926 முதல் 1928 வரை தம் சகோதரி ஒருத்திக்காக வீடு கட்டினார். கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் கைப்பிடி எல்லாவற்றுக்கும் அவரே அளவு கொடுத்தார். ஒரு மில்லிமீட்டர் கூடவா உங்களுக்கு முக்கியம் என்று பூட்டுத் தொழிலாளி கேட்டபோது, அவர் அலறிய அலறலில் அந்த மனிதர் நடுங்கிப்போனாராம். வீடு முடிகிற தறுவாயில் ஒரு பெரிய அறையின் கூரையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார், உயர்த்தினார்கள். இதையெல்லாம் எழுதி வைத்த மூத்த சகோதரி, அந்த வீட்டை மிகவும் வியந்தாலும் தம்மால் அதில் குடியிருக்க முடியாது, அது தேவர்களுக்கான வீடு போல இருக்கிறது என்ற கருத்தையும் சொல்லியிருக்கிறார். நிலையை மில்லிமீட்டர் சுத்தமாக நிறுத்திவிட்டு மனிதர்கள் குடியிருக்க முடியாமல் போவதும் உண்டு. எங்கள் கிழவருடைய அளவுகோல் வேறு. நேரான நிலையில் நேரான கதவை மாட்டிய பிறகும் சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு தடையில்லாமல் ஓடுகிற இடைவெளி வேண்டும் என்பார். "மழைக்குக் கதவும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கணும் சார்." அந்தக் காசளவு இடத்தைத்தான் அனுசரிப்பது என்று சொல்ல வேண்டும். அரை அங்குலக் கோணலுக்கு ஈடாக மரத்தைச் சீவிக்கொண்டே போவதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.

கடைசியில் என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். நிலை வைத்த அன்று முகூர்த்தம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. நிலை பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தபோதே பத்தேகால். ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அம்மா என்னைப் பார்க்கிறாள். கொத்தனார், "சார், ஒரு தரம் குண்டு போட்டுப் பாத்துடறேன், அஞ்சு நிமிஷம்" என்றார். "நேரம் போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான். அவர் ஆப்பு வைத்து இறுக்கினார், கலவை போட்டார், மங்கள வாத்தியம் ஒலித்தது. நல்ல நேரத்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்திலேதான் அந்தக் கோணல் உள்ளே புகுந்தது. அதே நல்ல நேரந்தான் பிறகு அந்தக் கோணலை யாரும் தொடாமல் காவல் காத்தது.

தங்கையின் கல்யாணமும் அப்படித்தான். தை மாதக் கடைசி முகூர்த்தம். அவள் வேலைக்குப் போவதைப் பற்றி அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று என் மனைவி சொன்னாள். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் சொன்னவன் நான்தான்.

நிலையைப் பெயர்த்தோம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஆறிலேந்து ஏழரைக்குள்ள வச்சுடச் சொல்லு" என்றாள். மஞ்சளும் குங்குமமும் அவளே இட்டாள். இந்தத் தடவை கிழவர் குண்டு ஆடி நிற்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஏழே முக்கால் ஆகிவிட்டது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பூச்சு உடைத்ததும் மறுபடி பூசியதும் சேர்ந்து கிழவர் கேட்ட கூலி புதுக் கதவின் விலையில் பாதி. பேரம் பேசினேன், குறைக்கவில்லை.

தங்கையின் கணவர் அழைத்துப்போக வந்தார். நல்ல மனிதர்தான். திண்ணையில் உட்கார வைத்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் அன்றைக்குக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. பேச்சு முடியவில்லை. பிறகும் இரண்டு முறை வந்துவிட்டார். ஒருமுறை தம் தாயாரையும் அழைத்து வந்தார். இப்போதைக்கு அவள் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள்.

நிலை நேரானதும் கதவு தானாகப் பொருந்திவிடும் என்று நான் நினைத்திருந்தேன். பொருந்தவில்லை. கோணலுக்கு ஏற்ப இழைத்த கதவல்லவா? நேரான நிலையில் மாட்டியபோது பூட்டுப் பக்கம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு சந்து தெரிந்தது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கிழவர் ஓர் ஒட்டுப் பட்டை செதுக்கினார். மேலே ஒன்றரை விரல் கனம், கீழே வரவரக் காகிதம் போல மெலிந்துவிடும். பசை போட்டு, ஆணி அடித்து, அதன்மேல் காசை ஓட்டிக் காட்டினார். ஆனால் அவரிடம் அன்றைக்குத் தேக்குத் துண்டு இல்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்கட்டை ஒன்றுதான் இருந்தது. தேக்கு பழுப்பு, பலா மஞ்சள். வார்னிஷ் இரண்டு கை பூசியும் நிறம் சேரவில்லை. வருகிறவர்கள் கதவைத் தொட்டுப் பார்த்து, இதென்ன இங்கே வேறு மரம் என்று கேட்கிறார்கள். நான் இருந்தால் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். தங்கை இருந்தால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறாள், சத்தமாகச் சிரித்துக்கொண்டே.